பெட்ரோல் பங்கில் மின்சார சார்ஜர்: செலவு யார் தலையில்?

பெருநாள் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து காயல்பட்டினத்துக்கு மின்சாரக் காரில் புறப்படும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழியில் ஒரு முறையாவது, பல கார்களுக்கு இரண்டு முறையாவது, நின்று சார்ஜ் ஏற்றியாக வேண்டும். நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் சார்ஜர் இருப்பதாகக் கைபேசி காட்டுகிறது. போய்ச் சேர்ந்தால் இயந்திரத்தின் திரை இருண்டு கிடக்கிறது. பங்க் ஊழியரைக் கேட்டால், "அது கம்பெனி வெச்சது பாய், அதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழைத்தால் ஒரு புகார் எண் கிடைக்கிறது. மின்சாரம் கிடைப்பதில்லை.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரம் யாருடைய பணத்தில் அங்கே வந்தது? பங்க் உரிமையாளருடையதா, எண்ணெய் நிறுவனத்துடையதா, அரசுடையதா? அரசுடையது என்றால் அது நம்முடைய பணம். மின்சாரக் காரைத் தொட்டே பார்த்திராத ஆட்டோ ஓட்டுநரின் பணமும் அதில் இருக்கிறது.

பெட்ரோல் பங்குகளில் சார்ஜர் வைக்க யார் செலவு செய்ய வேண்டும் என்பது நிபுணர்களின் விவாதம் போலத் தோன்றலாம். உண்மையில் இது வரியையும் நீதியையும் பற்றிய கேள்வி.

இதுவரை யார் கொடுத்தார்கள்?

2021ஆம் ஆண்டு இறுதியில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து 22,000 சார்ஜிங் நிலையங்கள் அமைப்பதாக இலக்கு வைத்தன. இந்தியன் ஆயில் 10,000, பாரத் பெட்ரோலியம் 7,000, இந்துஸ்தான் பெட்ரோலியம் 5,000 என்பது பங்கீடு.

2023 மார்ச்சில் ஒன்றிய அரசின் கனரகத் தொழில் அமைச்சகம், 'ஃபேம்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தின் கீழ், இதே மூன்று நிறுவனங்களுக்கும் 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 560 கோடி ரூபாய் முதல் தவணையாக விடுவிக்கப்பட்டது.

அடுத்து வந்தது 'பி.எம். இ-டிரைவ்' திட்டம். 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இதன் மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 என மொத்தம் 72,300 சார்ஜர்கள் இலக்கு.

2025இல் வெளியான இதன் வழிகாட்டு நெறிமுறைகளில்தான் நம் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற இணைப்பு வேலைகளுக்கு ஆகும் செலவு ஒரு பகுதி, சார்ஜர் இயந்திரத்தின் விலை மற்றொரு பகுதி என அரசு பிரித்துக்கொண்டது. அரசு அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் இரண்டுக்கும் நூறு சதவீத மானியம். ரயில் நிலையம், விமான நிலையம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பங்குகள் போன்ற இடங்களில் இணைப்பு வேலைக்கு 80 சதவீதமும் இயந்திரத்துக்கு 70 சதவீதமும். வணிக வளாகம், தெருவோரம் போன்ற மற்ற இடங்களில் இணைப்பு வேலைக்கு மட்டும் 80 சதவீதம், இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை.

ஆக, பெட்ரோல் பங்கில் வைக்கப்படும் சார்ஜருக்குப் பெரும்பங்கு செலவை இன்று வரி செலுத்துவோரே ஏற்கிறார்கள். இது சரிதானா?

பங்க் உரிமையாளர் ஏன் தானாக வைப்பதில்லை?

"சார்ஜர் வைத்தால் வியாபாரம்தானே, பங்க்காரரே வைக்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டால் சிக்கல் புரியும்.

60 கிலோவாட் திறனுள்ள ஒரு விரைவு சார்ஜரை எடுத்துக்கொள்வோம். இயந்திரம், மின் இணைப்பு, சிவில் வேலை எல்லாம் சேர்த்து 15 லட்சம் ரூபாய் ஆகிறது என்றும், ஒரு யூனிட்டுக்குச் செலவு போக 5 ரூபாய் நிற்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு மணி நேரம் அது முழுத்திறனில் ஓடினால் 60 யூனிட், 300 ரூபாய். மாதம் 9,000. போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இயந்திரமே பழையதாகிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் அதே பணம் மூன்றரை ஆண்டில் திரும்பிவிடும்.

ஆக, லாபமா நட்டமா என்பது வரும் கார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கார்கள் இன்னும் குறைவு. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின்சார இருசக்கர வாகனங்கள் சுமார் 11 லட்சம். கார்கள் சுமார் ஒரு லட்சம்தான். ஸ்கூட்டர் வைத்திருப்பவர் வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் இரவில் செருகிவிடுகிறார். அவருக்குப் பெட்ரோல் பங்க் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன்தான் வருமானம். விலையைத் தீர்மானிப்பவர் அவரல்லர். 2017க்குப் பிறகு அந்தக் கமிஷன் உயர்த்தப்பட்டது 2024 அக்டோபரில்தான். நகரத்துக்குள் இருக்கும் பல பங்குகளில் இடமும் கிடையாது. பெட்ரோல் ஆவி இருக்கும் பகுதியிலிருந்து பாதுகாப்பான தூரத்தில்தான் சார்ஜர் வைக்க முடியும். பெட்ரோல் போட ஐந்து நிமிடம் போதும். கார் சார்ஜ் ஆக அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்க வேண்டும். அத்தனை நேரம் நிறுத்தி வைக்க இடம் எங்கே?

நம் சமுதாயத்திலும் பங்க் டீலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு: வட்டிக்குக் கடன் வாங்கி இயந்திரம் வைக்க மனம் ஒப்பாது. எனவே டீலர் தலையில் கட்டாயமாகச் சுமத்துவது நியாயமும் ஆகாது, நடைமுறைக்கும் ஒத்துவராது.

எண்ணெய் நிறுவனங்கள்?

அடுத்து எண்ணெய் நிறுவனங்கள். 2023-24 நிதியாண்டில் இந்த மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஈட்டிய நிகர லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். 7,432 நிலையங்களுக்கு அரசு ஒதுக்கிய 800 கோடி அதில் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஓராண்டு லாபத்தில் நூறில் ஒரு பங்கைச் செலவழித்துச் சொந்தமாகவே செய்யக்கூடிய வேலைக்கு அரசு மானியம் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அவர்களுக்கு அவ்வளவு நல்ல ஆண்டாக இல்லை. உக்ரைன் போருக்குப் பின் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது பங்கில் விலையை ஏற்றாமல் வைத்திருந்ததால் 2022-23இல் இந்துஸ்தான் பெட்ரோலியம் பல ஆயிரம் கோடி நட்டம் கண்டது. மேலும் இவை பொதுத்துறை நிறுவனங்கள். அவற்றின் லாபமும் ஒரு வகையில் மக்கள் பணம்தான்.

இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நாளைக்குப் பெட்ரோல் விற்பனை குறையும்போது, நெடுஞ்சாலையில் நல்ல இடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் இவர்களே. நாட்டிலுள்ள பங்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்று நிறுவனங்களுடையவை. சார்ஜர் வைப்பது அவர்களுக்குத் தர்மம் அல்ல, எதிர்கால வியாபாரத்துக்கான முதலீடு. 2019இல் எரிபொருள் விற்பனைக்குப் புதிய நிறுவனங்களை அனுமதிக்கும் விதிகளைத் தளர்த்தியபோது, அவை திறக்கும் பங்குகளில் மூன்று ஆண்டுக்குள் இயற்கை எரிவாயு, உயிரி எரிபொருள், மின் சார்ஜிங் போன்ற மாற்று எரிபொருளில் ஒன்றையாவது தர வேண்டும் என்று ஒன்றிய அரசு நிபந்தனை வைத்தது. புதிதாக வருபவருக்கு நிபந்தனை, பழைய பெரிய நிறுவனத்துக்கு மானியம் என்பது பொருந்தவில்லை.

மின்கட்டணத்தில் ஏற்றலாமா?

மூன்றாவது வழி, மின் வாரியமே செலவழித்துவிட்டு எல்லோருடைய மின்கட்டணத்திலும் அதைச் சேர்த்துக்கொள்வது. அமெரிக்காவில் இதுபற்றிப் பெரிய தகராறே நடக்கிறது. அங்கே மின் நிறுவனங்கள் சார்ஜர் அமைத்து, செலவை எல்லா நுகர்வோரின் மாதக் கட்டணத்திலும் ஏற்ற முயலும்போது, பங்க் உரிமையாளர்களின் சங்கங்கள் எதிர்க்கின்றன. "நாங்கள் சொந்தப் பணத்தைப் போட வேண்டும், அவர்கள் வாடிக்கையாளர் பணத்தில் போடுவார்களா? இது என்ன போட்டி?" என்பது அவர்கள் வாதம்.

தமிழகத்தில் 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மின்கட்டணம் உயர்ந்ததை நம் வீடுகள் மறந்திருக்காது. தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் ஒரு சகோதரியின் மின்கட்டணத்தில் கார்க்காரரின் சார்ஜர் செலவு சேர்வதை எப்படி ஏற்க முடியும்?

வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் இதற்கு மாறான ஒரு வழியைப் பார்த்திருப்பார்கள். துபையில் அரசின் மின்சார, நீர் ஆணையமான தேவாவே சார்ஜர்களை நிறுவியது. தொடக்கத்தில் தனியார் கார்களுக்கு இலவசமாகவும் கொடுத்தது. மக்கள் பழகிய பிறகு கட்டணம் வாங்கத் தொடங்கியது. அபுதாபியில் எண்ணெய் நிறுவனமான அட்னாக்கின் விற்பனைப் பிரிவும் மின் நிறுவனமான தாக்காவும் கூட்டாக 2023இல் ஒரு நிறுவனத்தை அறிவித்தன. எண்ணெய் வருவாய் உள்ள சிறிய நாடு அப்படிச் செய்ய முடியும். கடனில் நிற்கும் நம் மின் வாரியம் அதை அப்படியே செய்ய முடியாது.

ஆதாயம் யாருக்கோ, பொறுப்பும் அவருக்கே

இஸ்லாமியச் சட்டவியலில் ஓர் அடிப்படை விதி உண்டு. ஒரு பொருளின் ஆதாயம் யாருக்குச் சேர்கிறதோ அதன் நட்டத்துக்கான பொறுப்பும் அவரைச் சேர்ந்தது என்பதே அது. லாபம் தனக்கு, நட்டம் ஊருக்கு என்று வைத்துக்கொள்ள எவருக்கும் அனுமதியில்லை. வட்டி தடுக்கப்பட்டதற்கும் கூட்டு வியாபாரம் அனுமதிக்கப்பட்டதற்கும் பின்னால் இருக்கும் நீதியும் இதுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சார்ஜர் விஷயம் தெளிவாகிறது. சார்ஜரால் ஆதாயம் அடைபவர்கள் மூன்று தரப்பினர். கார் ஓட்டுபவர், அவருக்கு வழிப்பயணம் எளிதாகிறது. எண்ணெய் நிறுவனம், அதன் இடத்துக்குப் புதிய வியாபாரம் வருகிறது. மூன்றாவது பொதுமக்கள். புகை குறைகிறது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிஞ்சுகிறது. எனவே பொதுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது என்பதும் சரியல்ல. ஆதாயத்தின் அளவுக்குப் பங்கு என்பதே நீதி.

ஆனால் வரி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் மீதான ஒன்றிய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. மீன் கூடையைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் மொபெட்டில் போகும் வியாபாரியும் லிட்டருக்கு அதே வரியைத்தான் தருகிறார். மின்சாரக் கார் வாங்குபவருக்கோ ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தமிழகத்தில் சாலை வரி விலக்கும் தரப்பட்டு வருகிறது. அவர் காரை நிறுத்தும் இடத்திலுள்ள இயந்திரத்துக்கும் 70 சதவீதத்தை மொபெட்காரரும் சேர்ந்து கட்டுகிறார் என்றால், ஏழையிடமிருந்து வசதியானவருக்குப் பணம் போகிறது என்றுதான் பொருள்.

நார்வே காட்டும் பாடம்

மின்சாரக் கார்களில் உலகுக்கே முன்னால் நிற்கும் நாடு நார்வே. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது முழு மின்சாரக் கார்கள். தொடக்கத்தில் அந்நாட்டு அரசு முக்கிய நெடுஞ்சாலைகளில் சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு விரைவு சார்ஜிங் நிலையம் இருக்குமாறு மானியம் கொடுத்தது. கார்கள் பெருகியதும் மக்கள்தொகை மிகுந்த பகுதிகளில் பங்க் நிறுவனங்களும் மற்றவர்களும் சொந்தப் பணத்தில் போட்டி போட்டு அமைத்தார்கள். ஆனால் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதிக்குப் போக முதலில் யாரும் முன்வரவில்லை. அதற்கு அரசு தனியாக மீண்டும் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது.

பிரிட்டன் வேறு வழியை எடுத்தது. 2018இல் இயற்றிய சட்டத்தில், பெரிய எரிபொருள் விற்பனையாளர்களைச் சார்ஜர் வைக்குமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது.

இரண்டிலிருந்தும் ஒரே பாடத்தை எடுக்கலாம். சந்தை தானாகப் போகும் இடத்தில் அரசு பணம் போடத் தேவையில்லை. விதி போட்டால் போதும். சந்தை போகாத இடத்தில்தான் அரசின் பணத்துக்கு வேலை.

நம் பார்வையில் நியாயமான பங்கீடு

முதலாவதாக, டிரான்ஸ்ஃபார்மரும் மின்பாதையும் பொதுச் சொத்து. நாளைக்குப் பங்க் மூடினாலும் அந்தப் பகுதிக்கு அவை பயன்படும். அதற்கு அரசு உதவுவது சரி.

இரண்டாவதாக, இயந்திரத்தின் விலையை எண்ணெய் நிறுவனம் ஏற்க வேண்டும். சென்னை - திருச்சி - மதுரை போன்ற நெரிசலான பாதைகளில் மானியம் தேவையே இல்லை. இராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் உட்சாலைகளில், கார்கள் குறைவாக வரும் இடங்களில், இயந்திரத்துக்கும் அரசு கைகொடுக்கலாம்.

மூன்றாவதாக, டீலர் இடம் தரட்டும், நிறுவனம் இயந்திரம் தரட்டும், வருமானத்தைப் பங்கு பிரிக்கட்டும். கடன் இல்லை, வட்டி இல்லை. லாப நட்டத்தில் இருவரும் பங்காளிகள். நம் டீலர்கள் தயங்காமல் கேட்க வேண்டிய ஏற்பாடு இது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இருண்ட திரைக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரின் ஏச்சு டீலருக்குத்தான் வரும்.

நான்காவதாக, மானியத்தை இயந்திரம் நட்டதற்குக் கொடுக்காமல், அது ஓடுவதற்குக் கொடுக்க வேண்டும். மாதத்தில் இத்தனை நாள் வேலை செய்தது, இத்தனை யூனிட் விற்றது என்ற கணக்கைக் காட்டிய பிறகே பெரும்பகுதிப் பணம் போக வேண்டும். ஓடாத இயந்திரத்துக்குக் கொடுத்த மானியத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

ஐந்தாவதாக, ஆட்டோ, ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். 72,300இல் 48,400 அவர்களுக்கு என்று தாளில் இருக்கிறது. அது பெட்ரோல் பங்கில் மட்டும் முடிந்துவிடக் கூடாது. ஆட்டோ நிறுத்தங்கள், சந்தைகள், பேருந்து நிலையங்கள், வாடகை வீட்டுக் குடியிருப்புகள் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். சொந்த வீட்டில் பிளக் போட வசதியில்லாதவருக்குத்தான் பொதுச் சார்ஜர் உண்மையான தேவை.

கடைசியாக, மின்சாரத்துக்கான விலையைப் பயன்படுத்துபவர் முழுமையாகத் தரட்டும். ஆனால் யூனிட் விலை, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பெட்ரோல் விலையைப் போலப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, அதில் முன்பணம் என்று அலைக்கழிக்காமல் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த வழி வேண்டும்.

ரூமா கிணறு

மதீனாவில் ரூமா என்ற கிணறு இருந்தது. அதன் உரிமையாளர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்ட, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கி எல்லோருக்கும் வக்ஃப் செய்தார்கள். வாங்கியவரும் மற்றவர்களைப் போலவே அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

இன்றைய சார்ஜரை அந்தக் கிணற்றோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் இரண்டு விஷயங்கள் நமக்குப் பொருந்தும். பொதுத் தேவைக்கு வசதியுள்ளவர் முன்வந்து செலவழித்தார். ஏழைகளிடம் வசூலித்து வாங்கவில்லை. பொதுவுக்கென்று வாங்கிய பிறகு அது எல்லோருக்கும் சமமாகத் திறந்திருந்தது.

அரசின் கையிலுள்ள வரிப்பணம் ஓர் அமானிதம். அதைக் கொண்டு வாங்கிய ஒவ்வொரு இயந்திரமும் அந்த அமானிதத்தின் ஒரு பகுதி. அடுத்த முறை ஊருக்குப் போகும் வழியில் ஓடாத சார்ஜரைக் கண்டால் திட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, எண்ணெய் நிறுவனத்துக்கும் கனரகத் தொழில் அமைச்சகத்துக்கும் புகார் அனுப்புவோம். எத்தனை நிலையங்கள் உண்மையில் ஓடுகின்றன என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்கச் சொல்வோம். மின்சாரக் கார் நம்மிடம் இல்லாவிட்டாலும், அந்த இயந்திரத்தில் நம் பங்கு இருக்கிறது.